கூரை ஒழுகினப்ப யார் வந்தா?

கடிதம்:

சார் வணக்கம். போன வாரம் இங்கிலாந்துல பிராட்ஃபோர்ட் சினகாக்க (யூதக் கோயில்) முஸ்லிம்கள் காப்பாத்தின கதைய ரெண்டே வரில சொல்லிட்டு போயிட்டீங்க. எனக்கு மத நல்லிணக்க நியூஸ்னாலே அலர்ஜி. நாலு மதத் தலைவருங்க கை கோத்து ஒரு போட்டோ, அதோட சோலி முடிஞ்சுது. தேடிப் பாத்தா பெரிய தொகை குடுத்தது லாட்டரி ஃபண்டு (லாட்டரிப் பணத்துல பழைய கட்டடங்களுக்கு உதவற நிதி), மசூதிக்காரங்க குடுத்தது சில்லறை. அப்புறம் என்ன 'காப்பாத்தினாங்க'? அதுவும் போக, வெறும் 45 பேர் இருக்கிற சபை மொதல்ல தன் ஆளுங்கள பாத்துக்க வேண்டாமா? காசா எரியறப்ப இவங்க ஒருத்தருக்கொருத்தர் என்னதான் பேசிக்குவாங்க?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

பதில்:

நண்பருக்கு,

அந்த அலர்ஜி எனக்கும் உண்டுங்க, அதனாலதான் பிராட்ஃபோர்ட் கதை எனக்குப் புடிச்சதே. அது போட்டோல ஆரம்பிக்கல, பிளானிங் அப்ளிகேஷன்ல ஆரம்பிச்சுது. சினகாக் இருக்கிற பௌலண்ட் ஸ்ட்ரீட் பக்கம் இன்னொரு ரெஸ்டாரன்ட் வர்றதுக்கு யாரோ மனு போட, அங்க ஏற்கனவே கறி ஹவுஸ் வச்சிருந்த முஸ்லிம் ஓனர் சினகாக் சேர்மன் ரூடி லீவர்கிட்ட நீங்களும் ஆட்சேபம் சொல்லுங்கன்னு கேட்டார், சேர்ந்து எதிர்த்தாங்க. சுத்தமான சுயநலம்! ஆனா ஃபோன் நம்பர் கை மாறிடுச்சு பாருங்க, அதுதான் விஷயம்.

கட்டடத்தப் பத்தி கொஞ்சம் சொல்லணும். 1880-81ல கட்டினது, மூரிஷ் ஸ்டைல் (அந்தக் காலத்து ஸ்பெயின் முஸ்லிம்கள் பாணி), சிவப்பும் வெளுப்புமா பட்டை பட்டையா கல்லு, லாட வடிவ ஆர்ச்சு, தெரியாதவங்க பாத்தா மசூதின்னே நெனைப்பாங்க. கம்பளி வியாபாரத்துக்கு ஜெர்மனில இருந்து வந்த யூதர்கள் கட்டினது, அவங்க குடோன்கள் இருந்த ஏரியாவுக்கு இன்னைக்கும் 'லிட்டில் ஜெர்மனி'ன்னுதான் பேர். அப்புறம் மில்லு போச்சு, பிள்ளைங்க லீட்ஸ், லண்டன்னு போயிட்டாங்க, 2011 சென்சஸ்ல மொத்த பிராட்ஃபோர்ட்லயும் யூதர்கள் முந்நூறு கூட இல்ல, முஸ்லிம்கள் 1,29,000. லீவரே 1937ல பெர்லின்ல இருந்து தப்பிச்சு வந்த குடும்பத்துப் பையன், பல் டாக்டரா வேலை பாத்தவர், 2013ல அவருக்கு வயசு 87. கூரை ஒழுகுது, தோரா (யூத வேதம்) சுருள் வைக்கிற பேழை இருக்கிற கிழக்குச் சுவரே கெட்டுப் போயிருக்கு, 45 பேரோட சந்தாவுல கொத்தனார் கூலி கூட வராது. வித்துட்டு பத்து மைல் தள்ளி லீட்ஸுக்கு போயிடலாம்னு அவரே மனசில்லாம சொல்லிட்டார்.

அப்பதான் மசூதிக் கவுன்சில் ஆளுங்க, கறி ஹவுஸ்காரர், ஒரு டெக்ஸ்டைல் முதலாளி எல்லாரும் இறங்கி, அவசர ரிப்பேருக்குப் பணம் தேத்தி, கிராண்டுக்கு அலையறதுக்கும் கூட நின்னாங்க. ஹெரிடேஜ் லாட்டரி ஃபண்டு 1,03,000 பவுண்டு குடுத்தது அதுக்கப்புறம். நீங்க சொல்ற கணக்கு சரிதான், மசூதிப் பணம் அதுக்குப் பக்கத்துல சில்லறைதான். ஆனா விக்கலாம்னு முடிவெடுத்துட்ட ஆளுங்க ஃபாரம் ஃபில்லப் பண்ண மாட்டாங்க சார், இருந்து பாக்கலாம்ங்கிற தெம்ப மொதல்ல யாராவது குடுக்கணும், என் கணக்குல காப்பாத்தினது அந்தத் தெம்புதான். அதுக்கப்புறம் ஒரு முஸ்லிமையே சினகாக் நிர்வாகக் குழுவுல சேத்துக்கிட்டாங்க.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, எனக்கு ரொம்பப் புடிச்சது. யூதர்கள்ல நோயாளிய போய்ப் பாக்கிறதுக்கு 'பிகுர் ஹோலிம்'னு பேரு, அது உபசாரம் இல்ல, கடமை. தால்முத்ல (யூதர்களோட பழைய சட்ட விளக்க நூல்) ஒரு இடம் வருது, நோயாளியப் பாக்கப் போறவன் அவன் வலில அறுபதுல ஒரு பங்க எடுத்துக்கிறான்னு. ஒடனே ஒரு ஆளு கேக்கிறான், அப்படின்னா அறுபது பேர அனுப்பினா நோய் போயிடுமேன்னு. இல்லப்பா, ஒவ்வொருத்தனும் எடுக்கிறது மிச்சம் இருக்கிறதுல அறுபதுல ஒண்ணுன்னு பதில் வருது. வேணும்னா கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, அறுபதாவது ஆளு வெளிய வந்தப்புறமும் மூணுல ஒரு பங்குக்கு மேல வலி படுக்கையிலயேதான் கிடக்கும். பிராட்ஃபோர்ட் சபைல மொத்தமே 45 பேர், அதுல பாதி பேருக்கு மேல படுத்துட்டா யாரு யாரப் போய் பாக்கிறது?

சாவு இன்னும் கஷ்டம். உடம்பக் கழுவி வெள்ளை லினன் உடுத்தி விடறது கூலி ஆளு இல்ல, சபை ஆளுங்களே, அந்தக் குழுவுக்கு 'ஹெவ்ரா கடிஷா'ன்னு பேரு. செத்தவங்களுக்காக 'கடிஷ்'ங்கிற பிரார்த்தனை சொல்லணும்னா வழக்கப்படி பெரியவங்க பத்து பேர் இருக்கணும் (பழைய முறைல ஆம்பளைங்க மட்டும், ரிஃபார்ம்ங்கிற சீர்திருத்தச் சபைங்கள்ல பொம்பளைங்களும் கணக்கு). அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா மொத சாப்பாடு அந்த வீட்டு சமையலா இருக்கக் கூடாது, அக்கம் பக்கத்துல இருந்து வரணும், அவிச்ச முட்டை, பருப்பு இப்படி உருண்டையானதா. நம்ம பக்கம் சாவு வீட்ல அடுப்பு பத்த வைக்காம பங்காளி வீட்ல இருந்து சாப்பாடு வர்ற மாதிரியேதான். அப்புறம் ஏழு நாள் 'ஷிவா'ங்கிற துக்கம் காக்கிறது, துக்கத்துல இருக்கிறவங்க தாழ்வான முக்காலில உக்காந்திருப்பாங்க, வர்றவங்க தானா கதவத் திறந்துட்டு வந்து, அவங்களா பேசற வரைக்கும் பேசாம உக்காந்திருக்கணும்.

இதெல்லாம் ஆள் பலம் இல்லாம நடக்காது. மதச் சடங்குக்கு அடுத்த மதத்துக்காரங்க ஆகமாட்டாங்க, கடிஷுக்குப் பத்து பேர் குறைஞ்சா ஒரு இமாம் வந்து எண்ணிக்கைய நிரப்ப முடியாது. ஆனா சாப்பாடு, கார், கூரை, ராத்திரில கூப்பிட்டா வர்ற ஆளு, இதுக்கு யார் வேணா ஆகும். அதனால ஒரு சின்ன சபைக்கு உள்ள பாத்துக்கிறதும் வெளிய பழகிறதும் ரெண்டு வேலை இல்ல, ஒரே வேலை. நம்ம பக்கத்து உதாரணம் வேணும்னா கொச்சி மட்டாஞ்சேரில யூதத் தெரு இருக்கே, சாரா கோஹன் ஆன்ட்டி 2019ல 96 வயசுல காலமாகிற வரைக்கும் அவங்க எம்ப்ராய்டரி கடையையும் அவங்களையும் கூட இருந்து பாத்துக்கிட்டது ஒரு முஸ்லிம்தான்.

எதிர்த்திசையிலயும் நடந்திருக்கு. 2017 ஜனவரில டெக்சாஸ்ல விக்டோரியாங்கிற ஊர் மசூதிய ஒருத்தன் கொளுத்திட்டான். அந்த ஊர்ல முப்பது பேர் கூடத் தேறாத யூத சபை, அவங்க தலைவரு மசூதிக்காரங்க வீட்டுக்கே போய், எங்க கோயில்ல தொழுதுக்கோங்கன்னு சாவியக் குடுத்துட்டார். முன்னாடியே பழக்கம் இருந்ததாலதான் யார் வீட்டுக் கதவத் தட்டணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

காசா. 2014 போர் சமயத்துல அப்ப பிராட்ஃபோர்ட் வெஸ்ட் எம்பியா இருந்த ஜார்ஜ் கேலவே, பிராட்ஃபோர்ட இஸ்ரேல் இல்லாத ஊரா அறிவிக்கிறோம்னு மேடைல பேசினார். 2001ல கலவரம் பாத்த ஊரு வேற, அந்தப் பேச்சு அங்க இருக்கிற யூதர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்னு நீங்களே நெனைச்சுக்கோங்க. இந்தப் பழக்கத்தால யாரும் இஸ்ரேல் பத்தின கருத்த மாத்திக்கிட்டாங்கன்னு நான் சொல்ல வரல, மாத்திக்கணும்னு எதிர்பாக்கிறதும் நியாயம் இல்ல. லீவர் 2021 வரைக்கும் இருந்தார், சினகாக்க கடைசி வரைக்கும் விக்கல.