நடுவழியில் ஒரு பெஞ்சு

அன்புள்ள ஐயா,

எங்கள் மேயர் மூன்று ஆண்டுகளாக நகர மையத்துக்குப் புத்துயிர் ஊட்டிவருகிறார். கடைவீதியில் வாகனங்களுக்குத் தடை, ஆற்றங்கரையில் புது நடைபாதை, பாழடைந்து கிடந்த கட்டடங்களுக்கு வண்ணம், இரவிலும் எரியும் விளக்குகள். நான் இவற்றை மனதார ஆதரிக்கிறேன். ஆனால் குடியிருப்போர் கூட்டத்துக்குப் போனால் சலிப்புத்தான் மிஞ்சுகிறது. பாதிப்பேர் மேயரைக் கொண்டாடுகிறார்கள். மீதிப்பேர் பணவிரயம் என்கிறார்கள், தேர்தலுக்கான வேலை என்கிறார்கள், வாடகை ஏறிவிட்டது என்கிறார்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கும் மூதாட்டி, “எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அங்கே இடமில்லை” என்கிறார். ஏன் என்று கேட்டால் பதில் சொல்வதில்லை.

இரண்டாம் கட்ட வேலைகளுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டு மாநகராட்சி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. இந்த வளர்ச்சி விரோதிகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த நகரம் உருப்படும்? பிரேசிலின் குரிட்டிபா நகரத்தில் மேயர் 72 மணி நேரத்தில் ஒரு வீதியை மாற்றிக்காட்டினார் அல்லவா? நல்ல தலைவர் யாரையும் கேட்காமல் செய்துமுடிப்பதுதானே முறை?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கீழ்வீட்டு மூதாட்டி சொன்ன வரி. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த பத்தியிலேயே அவரை வளர்ச்சி விரோதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். அதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அழகாக இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொண்டவர் எப்படி விரோதி ஆவார்?

மற்றவற்றை விரைவாக முடித்துவிடுகிறேன். தேர்தலுக்காகச் செய்கிறார் என்பதை நான் குற்றமாகவே கருதவில்லை. தேர்தலை நினைக்காத மேயரிடம் ஒரு நடைபாதைக் குழியை அடைக்கச் சொல்லிக்கூட யாரும் வாதாட முடியாது. பணவிரயமா இல்லையா என்பதைக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் சொல்லட்டும். வாடகை பெரிய விஷயம், அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

குரிட்டிபாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் பாதிக் கதையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஜைமே லெர்னர் 1971இல் மேயரானபோது அவருக்கு யாரும் ஓட்டுப்போடவில்லை. பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தது, அவர் நியமனத்தால் வந்தவர். 1972இல் நகரின் முக்கியக் கடைவீதியை ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடங்கித் திங்கட்கிழமைக்குள் நடப்பவர்களுக்கு மட்டுமான வீதியாக மாற்றினார். வியாபாரிகள் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதே அந்த அவசரத்துக்குக் காரணம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மேயர் அப்படிச் செய்திருந்தால் நீங்களும் நானும் சேர்ந்தே கண்டித்திருப்போம். கண்டித்திருக்கவும் வேண்டும்.

ஆனால் கதை திங்கட்கிழமையோடு முடியவில்லை. காரோட்டிகள் சிலர் வண்டிகளோடு வந்து வீதியை மீட்கப்போவதாக அறிவித்தார்கள். லெர்னர் போலீசைக் கொண்டுவந்து காவலுக்கு நிறுத்தவில்லை. வீதி நெடுக நீளமான காகிதத்தை விரித்தார். குழந்தைகளை அழைத்து வண்ணம் கொடுத்து, உட்கார்ந்து படம் வரையச் சொன்னார். கார்கள் திரும்பிப்போயின. எதிர்த்த வியாபாரிகளே பிறகு தங்கள் பக்கமும் வீதியை நீட்டித்துத் தரக் கேட்டார்கள். மக்கள் அங்கே வந்தார்கள், வந்தவர்கள் தங்கினார்கள், அதைக் கண்ணால் பார்த்த பிறகே வியாபாரிகளின் மனம் மாறியது. நீங்கள் அந்த 72 மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகளை மறந்துவிட்டீர்கள்.

இன்னொரு மேயரைச் சொல்கிறேன். எடி ராமா, ஓவியர், 2000 முதல் 2011 வரை அல்பேனியாவின் தலைநகர் திரானாவுக்கு மேயர். கம்யூனிஸ்ட் காலத்துச் சாம்பல்நிறக் கட்டடங்களுக்கு ஆரஞ்சும் மஞ்சளும் பச்சையுமாக வண்ணம் பூசச் செய்தார். லானா ஆற்றங்கரையை அடைத்துக்கொண்டிருந்த சட்டவிரோதக் கடைகளை இடித்தார். ஊர் இரண்டுபட்டது. மக்களிடம் அப்போது இரண்டு கேள்விகள் கேட்டதாக அவரே பின்னாளில் ஒரு மேடையில் சொன்னார். இந்த வண்ணம் பிடித்திருக்கிறதா? 63 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், 37 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். இதை நிறுத்தலாமா, தொடரலாமா? பிடிக்கவில்லை என்றவர்களிலேயே பாதிப்பேர் தொடரச் சொன்னார்கள்.

மேயர் தன் வேலையைப் பற்றித் தானே சொன்ன கணக்கு என்பதை மனதில் வைத்துத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்தப் பாதிப்பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நிறுத்தாதே. ஒரு குடிமகன் தன் நகரத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக நேர்மையான வாக்கியங்களில் ஒன்று அது. கீழ்வீட்டு மூதாட்டி சொல்வது அதன் மறுபாதி: எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எனக்கு அங்கே இடமில்லை. ஒரே கேள்வி கேட்கிற உங்கள் மாநகராட்சிப் படிவத்தில் இந்த இரண்டையும் எழுத எங்கே கட்டம் இருக்கிறது? ஆதரவு என்று குறித்தாலும் அவர் பொய் சொன்னவர் ஆகிறார், எதிர்ப்பு என்று குறித்தாலும் பொய் சொன்னவர் ஆகிறார். பிறகு கூட்டத்தில் ஊர் இரண்டாகப் பிளந்துவிட்டது என்கிறீர்கள். ஊர் பிளக்கவில்லை, க. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இரண்டு கருத்து இருக்கிறது. கேட்டவர்கள்தான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சியோலில் 2003இல் ஒரு மேம்பாலச் சாலையை இடித்து, அதன் அடியில் மூடிக்கிடந்த சொங்கேசொன் ஓடையை வெளிக்கொண்டுவந்தார்கள். 2005இல் திறந்தார்கள். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நீளம். உலகமே போற்றியது, அப்போதைய மேயர் லீ மியுங்-பாக் பிறகு நாட்டின் அதிபரானார். அந்த ஓரத்தில் பிழைத்துக்கொண்டிருந்த நடைபாதை வியாபாரிகளை ஒரு பழைய விளையாட்டு அரங்கத்துக்குள் அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கத்தையும் இடித்து வடிவமைப்பு மையம் ஒன்றைக் கட்டினார்கள். வியாபாரிகள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். ஓடை அழகானது என்பதும் உண்மை, அவர்கள் இருமுறை இடம்பெயர்ந்ததும் உண்மை. ஒன்றைச் சொன்னால் மற்றதை மறுப்பதாக ஏன் எடுத்துக்கொள்கிறோம்?

உங்கள் மூதாட்டி வியாபாரி அல்லர். அவர் எதை இழந்திருப்பார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. கடிதத்தைப் படித்ததுமே தோன்றிவிட்டது. அந்தப் புதிய கடைவீதியிலும் ஆற்றங்கரையிலும் காசு கொடுக்காமல் உட்கார எத்தனை இடங்கள் இருக்கின்றன?

சிரிக்காதீர்கள். விளக்கும் வண்ணமும் நடைபாதையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பெஞ்சு பற்றி ஒரு சொல் இல்லை.

நியூயார்க்கில் 1961இல் ஒரு விதி வந்தது. கட்டடத்தின் முன்னால் பொதுமக்களுக்குச் சதுக்கம் விட்டால், கட்டுகிறவர் கூடுதல் தளப்பரப்பைக் கட்டிக்கொள்ளலாம். சதுக்கங்கள் பெருகின. பல சதுக்கங்களில் ஈ காக்கை இல்லை. சிலவற்றில் மட்டும் கூட்டம் நெரிந்தது. வில்லியம் ஒயிட் என்ற ஆய்வாளர் 1970களில் கேமராக்களை வைத்து இதைப் பொறுமையாகக் கவனித்தார். வெயிலா, சதுக்கத்தின் வடிவமா, பரப்பளவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. உட்கார இடம் எவ்வளவு இருக்கிறது என்பதே கூட்டத்தோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது. 1975இல் விதியைத் திருத்தினார்கள், சதுக்கம் விடுகிறவர் உட்கார இடமும் தர வேண்டும் என்று. ஒயிட் கவனித்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். நகர்த்தக்கூடிய நாற்காலி இருந்தால், மனிதர்கள் உட்காருவதற்கு முன் அதைக் கொஞ்சம் நகர்த்துகிறார்கள். நிழலுக்காகவோ வெயிலுக்காகவோ அல்ல. சில அங்குலம் தள்ளிவிட்டு, பல நேரம் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, பிறகு உட்காருகிறார்கள். இந்த இடம் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு மனிதருக்கு அந்தச் சில அங்குலம் போதும்.

என் அப்பா ஓய்வுபெற்ற பிறகு தினமும் நூலகத்துக்கு நடந்துபோவார். முழங்கால் வலி உண்டு. வீட்டுக்கும் நூலகத்துக்கும் சரிபாதி வழியில் ஒரு மரத்தடி, அதன் கீழே ஒரு பழைய மரப்பெஞ்சு, ஒரு கால் சற்றுச் சாய்ந்திருக்கும். அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து வலி அடங்கியதும் எழுந்து மீதி வழியைக் கடப்பார். அவரைப்போல இன்னும் நாலைந்து பேர் அந்த நேரத்துக்கு வருவார்கள். பேச்சு நீண்டால் நூலகம் மூடும் நேரம் ஆகிவிடும்.

அந்த வீதியைப் புதுப்பித்தார்கள். குழி இல்லாத நடைபாதை, இருபுறமும் விளக்கு, மரத்தைச் சுற்றிப் பளபளக்கும் கல்வட்டம். நான் அப்போது ஒரு பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வீதியைப் புகழ்ந்து ஒரு முழுப் பத்தி எழுதினேன். எதிர்த்தவர்களைக் கடுமையாகச் சாடினேன், நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதைப் போலவே. அப்பா அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நன்றாக எழுதியிருக்கிறாய். பெஞ்சைப் பற்றி எழுதவில்லையே” என்றார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பெஞ்சு இல்லை. கல்வட்டத்தின் மேல் யாரும் உட்காராதபடி இரும்பு மேடுகள் பதித்திருந்தார்கள். அந்த வேலையைச் செய்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். நாளெல்லாம் ஆட்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள், அதனால் எடுத்துவிட்டோம் என்று ஓர் அதிகாரி விளக்கினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்த நியாயம் என்பதுபோலச் சொன்னார். பெஞ்சு வேறு எதற்கு இருக்கிறது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா நூலகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் புத்தகங்களை எடுத்துவந்து கொடுத்தேன். அவருக்கு வேண்டியதைச் சரியாக எடுத்துவந்தேனா என்பது இன்றும் தெரியவில்லை. அவர் ஒருபோதும் குறை சொல்லவில்லை. அந்த வீதியைப் பற்றி யார் கேட்டாலும் “நன்றாக இருக்கிறது” என்றே சொன்னார். கணக்கெடுப்பு நடத்தியிருந்தால் ஆதரவு என்ற பக்கத்தில்தான் அவர் பெயர் இருந்திருக்கும்.

எனவேதான் ஏன் என்று கேட்டதற்கு மூதாட்டி பதில் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதியது என்னை அப்படித் தாக்கியது. என்ன சொல்வார் அவர்? இவ்வளவு பெரிய திட்டத்தின் முன்னால், இத்தனை கோப்புகளும் வரைபடங்களும் விரித்துவைத்த ஒரு கூட்டத்தின் நடுவில், எனக்கு நடுவழியில் கால் வலிக்கிறது என்று ஒரு வயதான பெண் எழுந்து சொல்வாரா? சொன்னால் நீங்கள் கேட்டிருப்பீர்களா? உண்மையாகச் சொல்லுங்கள்.

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். அவருக்குப் பழக்கமான கடை மூடியிருக்கலாம், கூட வந்த தோழி வாடகை தாங்காமல் வேறு பகுதிக்குப் போயிருக்கலாம், பஸ் நிறுத்தம் தள்ளிப்போயிருக்கலாம். அவரைக் கேட்காமல் தெரியாது. அதுவும் கூட்டத்தில் வைத்துக் கேட்டால் தெரியாது.

படிவத்தில் எதைக் குறிப்பது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆதரவு என்றே குறியுங்கள். உங்கள் மேயர் செய்வதில் பெரும்பகுதி எனக்கும் சரியென்றே படுகிறது. கார்கள் ஒழிந்த வீதி கார்கள் நிறைந்த வீதியைவிட எந்த நாளும் மேல். ஆனால் படிவத்தை இன்றே அனுப்பாதீர்கள். மாலையில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, ஆற்றங்கரைவரை கூட வருகிறீர்களா அம்மா என்று அவரைக் கேளுங்கள். அவர் வேகத்திலேயே நடங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள், திட்டத்தை விளக்காதீர்கள். அவர் எந்த இடத்தில் நின்றார் என்று பார்த்து, அந்த இடத்தின் பெயரைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்