வாசகர் கேள்விகள்: யார் எழுதினால் ஊர் நம்புகிறது?

கே: ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு பிரபலமான ஆள் ஒரு கருத்தை எழுதுகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நம் ஆட்கள் அதையே சொந்த யோசனை மாதிரி பேசுகிறார்கள். ஒருவர் எழுதினால் ஊர் மனசு மாறிவிடுமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், டொங்காட்)

ப: மாறும் ஐயா, ஆனால் நீங்கள் சொல்கிற வேகத்தில் மாறுவது நிலைப்பதில்லை. 1959-ல் நம் தென்னாப்பிரிக்காவில் ஏராளமான பேர் உருளைக்கிழங்கு வாங்குவதையே நிறுத்தினார்கள், ஞாபகம் இருக்கும். பெத்தால் பக்கத்துப் பண்ணைகளில் கறுப்பினத் தொழிலாளர்களை, பாஸ் என்ற நடமாட்ட அனுமதிச் சீட்டு இல்லாமல் பிடிபட்டவர்களையும் சேர்த்து, அடித்து வேலை வாங்கிய கொடுமைதான் அதற்குக் காரணம். 1947-ல் பத்திரிகையாளர் ரூத் ஃபர்ஸ்ட், பாதிரியார் மைக்கேல் ஸ்காட்டோடு அங்கே போய்ப் பார்த்து எழுதினார். 1952-ல் டிரம் பத்திரிகையில் ஹென்றி நுமாலோ எழுதினார். அப்புறமும் விடாமல் எழுதினார்கள். முதல் கட்டுரையிலிருந்து மக்கள் தட்டிலிருந்து கிழங்கு காணாமல் போக 12 வருஷம் ஆயிற்று. ரூத் ஃபர்ஸ்டை 1982-ல் மபுட்டோவில் வெள்ளையர் அரசின் போலீஸார் கடித வெடிகுண்டு அனுப்பிக் கொன்றார்கள், அவர் எழுத்துக்கு அவ்வளவு பயந்திருக்கிறார்கள்.

கே: காந்தி இங்கே பத்திரிகை நடத்தினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். தமிழர் யாரும் நடத்தவில்லையா? (வாசகி, மெர்பேங்க்)

ப: இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன் அம்மா. இந்தியன் ஒப்பீனியன் 1903 ஜூன் 4-ந் தேதி டர்பனில் ஆரம்பித்தபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நாலு மொழியில் வந்தது. 1906-ல் தமிழையும் இந்தியையும் நிறுத்திவிட்டார்கள். எழுத ஆள் இல்லை, அச்சுக் கோர்க்க ஆள் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பாதிக்கும் மேல் மதராஸிலிருந்து கப்பல் ஏறியவர்கள், அவர்கள் பேச்சு அந்தப் பேப்பரில் இல்லாமல் போனது சின்ன விஷயம் இல்லை.

அந்த இடத்தில்தான் பி. எஸ். ஐயர் வருகிறார். 1908-ல் டர்பனில் ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் என்ற வாரப் பத்திரிகையை ஆங்கிலத்திலும் தமிழிலும் தொடங்கினார். அவர் கையில் எடுத்தது 3 பவுன் வரி (பவுன் என்பது அன்றைய ஆங்கிலேயப் பணம், ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங்). ஒப்பந்தம் முடிந்தபிறகு ஊருக்கும் திரும்பாமல் மறுபடி ஒப்பந்தமும் எழுதாமல் இங்கே இருக்க நினைத்தவர் வருஷா வருஷம் 3 பவுன் கட்ட வேண்டும், மனைவிக்குத் தனியாக 3 பவுன், பிற்பாடு 16 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும் கூட. ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங் என்றால் 3 பவுன் என்பது ஆறு மாதச் சம்பளம், கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வரியைப் பற்றி ஐயர் திரும்பத் திரும்ப எழுதினார், காந்தி அதைத் தன் போராட்டத்தின் கோரிக்கையாக எடுத்துக்கொண்ட 1913-க்கு முன்னாலேயே. அந்த வருஷம் அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கின வேலைநிறுத்தம் கடற்கரைத் தோட்டங்கள் வரைக்கும் பரவியது, 1914-ல் வரி ஒழிந்தது.

காந்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்தியன் ஒப்பீனியன் இல்லாமல் சத்தியாகிரகம் நடந்திருக்காது என்று அவரே எழுதியிருக்கிறார், போராட்டம் உச்சத்தில் இருந்தபோது 3,500 பேர் சந்தா கட்டினார்கள், ஒருவர் வாசிக்க எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஆனால் ஐயர் காந்தியையே தன் பத்திரிகையில் கண்டித்தவர், அது பலருக்குப் பிடிக்கவில்லை. வென்றவர் பெயர் தெருக்களில் இருக்கிறது, ஐயர் பெயரை நம் தமிழ்ப் பள்ளிகளில்கூடச் சொல்வதில்லை. எனக்கு அது ஆறவில்லை.

கே: காசு கொடுத்து மக்கள் கருத்தை வாங்க முடியுமா? (வாசகர், லெனேசியா)

ப: முயற்சி செய்தார்கள். 1976-ல் சிட்டிசன் என்ற பேப்பரை அரசாங்கம் ரகசியப் பணத்தில் ஆரம்பிக்க வைத்தது. அதை அம்பலப்படுத்தியதும் பத்திரிகைக்காரர்கள்தான், அந்த ஊழலால் 1979-ல் ஜான் வொர்ஸ்டர் ஜனாதிபதி பதவியை விட்டே போனார்.

கே: பேப்பர் தப்பாக எழுதினால் என்ன செய்வது? (வாசகி, வெருலம்)

ப: 2014-ல் சண்டே டைம்ஸ் நம் வரித்துறைக்குள் சட்டத்துக்குப் புறம்பாக வேவு பார்க்கும் ஒரு ரகசியக் குழு இருக்கிறது என்று வாரக்கணக்கில் எழுதியது. நல்ல அதிகாரிகள் பலர் வேலையை விட்டுப் போனார்கள், 2016-ல் பத்திரிகை மன்னிப்புக் கேட்டது, 2018-ல் வாங்கின விருதுகளையும் திருப்பிக் கொடுத்தது. சரி, போன வேலை, போன பெயர் திரும்ப வந்ததா? மன்னிப்பை எத்தனை பேர் வாசித்தார்கள்? ஒரு பெரிய பேப்பரின் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை நான் இதில்தான் பார்க்கிறேன், பயமாகவும் இருக்கிறது. உங்களைப் பற்றித் தப்பாக வந்தால் சும்மா இருக்காதீர்கள், செய்தி வந்த 20 வேலை நாட்களுக்குள் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள், செலவு ஒன்றும் இல்லை.

கே: பேப்பர் யார் படிக்கிறார்கள்? வாட்ஸ்அப்தான் இன்றைக்குப் பத்திரிகை என்கிறான் என் பேரன். (வாசகர், ஃபீனிக்ஸ்)

ப: 2021 ஜூலையில் கடைகளைச் சூறையாடிக் கலவரம் நடந்த ராத்திரிகளில் நான் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு முனையில் மற்றவர்களோடு காவல் நின்றேன். நிமிஷத்துக்கு ஒரு குரல் செய்தி. லாரி லாரியாக ஆட்கள் வருகிறார்கள், பக்கத்துத் தெருவைக் கொளுத்திவிட்டார்கள் என்று. அனுப்பினவர் ஒருவரும் கண்ணால் பார்த்தவர் இல்லை. நானும் இரண்டை வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பினேன், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. இந்தியர்கள் அதிகம் வாழும் உங்கள் ஊரிலும் சுற்றிலும் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். இந்தியன் ஒப்பீனியன் அச்சான ஃபீனிக்ஸ் பண்ணை அங்கிருந்து எத்தனை தூரம்? பேரனிடம் இதைச் சொல்லுங்கள். வருகிற செய்தியை அனுப்புவதற்கு முன்னால், பார்த்தது யார் என்று ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

கே: மகள் பத்திரிகைத் துறையில் படிக்க ஆசைப்படுகிறாள். எனக்குப் பயம். (ஒரு தாய், இசிபிங்கோ)

ப: பயம் நியாயமானது அம்மா. மேலே சொன்ன நுமாலோ, ஜோஹானஸ்பர்க் சிறைக்குள் நடப்பதை எழுதுவதற்காகத் தானே கைதாகி உள்ளே போனவர், கடைசியில் இன்னொரு செய்தியைத் தேடிப் போன இடத்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் அனுப்புங்கள். போகிறதுக்கு முன்னால் அவள் ஜூலு நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளட்டும், 2021-ல் நம் தெருக்களில் இரண்டு பக்கமும் போய்ப் பேசிக் கேட்டு எழுதக்கூடிய ஆட்கள் எங்களுக்குப் போதவில்லை.