தசை ஃபிளாப்: ரத்தக்குழாய் இடம் மாறினால்? கேள்வி பதில்

ஃபிளாப் என்பது காயத்தை மூட ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து வைக்கும் தசை, தோல் அல்லது எலும்பு. பதில் சொல்பவர் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர். கேட்டவர்கள் மதுரை வட்டார மருத்துவர்கள், நர்ஸுகள், நோயாளிகளின் வீட்டார்.

சார், தசைகளை ரத்தக்குழாய் அமைப்பை வைத்துப் பிரிக்கும் மேத்ஸ்–நஹாய் ஐந்து வகையையும் மனப்பாடம் பண்ணிட்டேன். தியேட்டரில் அதனால் என்ன பிரயோஜனம்? – பிஜி மாணவர், மதுரை

எந்தக் குழாயை அறுத்தால் தசை செத்துப்போகும் என்று தெரியும் தம்பி. 1981-ல் வந்த வகைப்பாடு. கெண்டைக்கால் தசையான கேஸ்ட்ராக்னீமியஸ் முதல் வகை: அதன் இரண்டு தலைகளில் (பிரிவுகளில்) ஒவ்வொன்றுக்கும் ஒரு சூரல் குழாய்தான், அது போனால் தசை போச்சு. உள் தொடைத் தசையான கிராசிலிஸ் இரண்டாவது: மேலே உள்ள பெரிய பெடிக்கிளைக் (தசைக்கு வரும் ரத்தக்குழாய்க் காம்பைக்) காப்பாற்றிக்கொண்டு கீழே உள்ள சிறுசுகளைத் தாராளமாகக் கட்டலாம். பிட்டத் தசையான குளூட்டியஸ் மேக்ஸிமஸ் மூன்றாவது: இரண்டு பெருங்குழாய் என்பதால் பாதித் தசையை மட்டும் எடுக்கலாம். தொடையின் முன்பக்கத் தசையான சார்ட்டோரியஸ் நான்காவது: வரிசையாகச் சின்னக் குழாய்கள், நிறையக் கட்டினால் நுனி கருகும். முதுகுத் தசையான லாட்டிசிமஸ் ஐந்தாவது: தொராக்கோடார்சல் குழாய் ஒன்றே முழுத் தசையையும் தாங்கும்.

வகை அநேகமாக மாறாது. குழாய் எங்கே பிறக்கிறது, எங்கே தசைக்குள் நுழைகிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

கிராசிலிஸ் பெடிக்கிளை எங்கே தேடுவது?

பியூபிக் டியூபர்க்கிளுக்குக் (இடுப்பின் முன்னெலும்பு முட்டுக்குக்) கீழே 8 முதல் 12 செ.மீ.க்குள். உள் தொடைத் தசையான அடக்டர் லாங்கஸை முன்பக்கம் இழுத்தால், அதற்கும் அடக்டர் மேக்னஸுக்கும் நடுவில் வரும். தோலோடு எடுப்பதானால் மேல் பாதியோடு நிறுத்துங்கள். கீழ் மூன்றில் ஒரு பங்குத் தோலை நம்ப முடியாது. என் பழைய பாட்டையும் பாடிவிடுகிறேன்: பெடிக்கிளைக் கண்ணால் பார்க்காமல் தோலின் இரண்டாவது கரையை வெட்டாதீர்கள்.

பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியுது. கெண்டைக்கால் சதையை எடுத்து மூடினா என் வீட்டுக்காரர் நடப்பாரா டாக்டர்? – உசிலம்பட்டி

நடப்பார் அம்மா. ஒரு பக்கத் தலையைத்தான் திருப்புகிறார்கள். மறு தலையும் அடியில் உள்ள சோலியஸும் வேலை செய்யும். எலும்பு சேர ஆகும் காலம் வேறு கணக்கு, அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஏஎல்டி (தொடையின் வெளி முன்பக்கத் தோல்) ஃபிளாப்புக்கு எல்லோருக்கும் சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) எடுத்துட்டா குழப்பமே இல்லையே? – ரேடியாலஜி மருத்துவர், திருமங்கலம்

கையடக்க டாப்ளர் (ரத்த ஓட்டச் சத்தம் கேட்கும் கருவி) போதாதா சார்? எதுக்கு வீணா கான்ட்ராஸ்ட் (ஆஞ்சியோவுக்கு ஏற்றும் மருந்து)? – இன்னொரு பிஜி

இரண்டு பேரும் பாதி சரி. முன் இடுப்பெலும்பு முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளி மேல் மூலைக்குக் கோடு போட்டு, நடுப்புள்ளியைச் சுற்றி 3 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுகிறோம். தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் சின்னக் குழாயான பெர்ஃபொரேட்டர் பெரும்பாலும் அதற்குள் சிக்கும். ஆனால் ஒல்லியான தொடையில் டாப்ளர் ஏமாற்றும். அடியில் ஓடும் தாய்க்குழாயான டிசெண்டிங் கிளையின் சத்தத்தையே பெர்ஃபொரேட்டர் என்று குறித்துவிடுவோம். புரோபை நகர்த்திப் பாருங்கள்: ஒரு புள்ளியில் மட்டும் கேட்டு அரை விரல் நகர்த்தினால் மறைவது பெர்ஃபொரேட்டர், கோடு பிடித்தாற்போல் கூடவே வருவது தாய்க்குழாய். பருமனான தொடையில் வேறு தொல்லை, தோலோடு சேர்ந்து குறியும் நகர்ந்துவிடும்.

சிடியில் பெர்ஃபொரேட்டர் தசைக்குள் எவ்வளவு தூரம் துளைத்து வருகிறது என்று தெரியும். முன்பு அடிபட்ட தொடை, தொடையில் பைபாஸ் செய்தவர், பெரிய தோல் தேவைப்படுபவர், இவர்களுக்கு எடுங்கள். கிரியாட்டினின் ஏறிய (சிறுநீரகம் பலவீனமான) சர்க்கரைக்காரருக்குப் பழக்கதோஷத்தில் எழுதாதீர்கள்.

அப்போ சிடி இல்லாமப் போய், உள்ளே பெர்ஃபொரேட்டரே இல்லைன்னா? – அதே ரேடியாலஜி மருத்துவர்

அதற்குத்தான் உள் கரையை மட்டும் முதலில் வெட்டுவது. தொடையின் முன் தசையான ரெக்டஸ் ஃபெமோரிஸ் மேல் இறங்கி, ஃபேஸியாவை (தசையை மூடிய உறையை) திறந்து, வெளிப்பக்கம் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு வெளிப்பக்கத் தசையான வாஸ்டஸ் லேட்டரலிஸைத் துளைத்து வரும். சிலருக்குத்தான் தசைகளுக்கு நடுவிலுள்ள இடைச்சுவர் வழியாக நேராக வரும். சிலருக்கு டிசெண்டிங் கிளையை விட்டுவிட்டு ஆப்ளிக் கிளையிலிருந்து பிறக்கும். அதைத் தெரியாமல் தாய்க்குழாயை மட்டும் பத்திரப்படுத்தினால் தோல் கறுக்கும். எதுவுமே இல்லையா, அதே வெட்டிலிருந்து ஏஎம்டிக்கு (தொடையின் உள் முன்பக்கத் தோல் ஃபிளாப்புக்கு) மாறலாம், வாஸ்டஸைத் தசையாக எடுத்து மேலே தோல் ஒட்டலாம், இல்லை மறு தொடைக்குப் போகலாம். இரண்டு கரையையும் வெட்டிய பிறகு தேடினால் இந்த வழிகள் பாதி அடைபட்டுவிடும். சிடி எடுத்தவருக்கும் இதே விதிதான்.

டாப்ளர் சத்தம் கேட்டாலே போதும்தானே?

போதாது. மேலே டாப்ளர் பற்றிச் சொன்னதைப் படியுங்கள்.

ஃபிளாப் வெச்ச பிறகு ஒண்ணு ரெண்டு பீடி பரவாயில்லையா?

மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். கூடாது.

எக்ஸ்ரே படம் அனுப்பினா எந்த ஃபிளாப்னு சொல்வீங்களா?

மாட்டேன். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியாது. ஆளை நேரில் காட்டுங்கள்.

தாடைக்கு ஃபிபுலா (கணைக்காலின் வெளிப்பக்க எலும்பு) எடுக்கப் போறோம். பாதத்தில் ரெண்டு துடிப்பும் நல்லா இருக்கு. ஆஞ்சியோ தேவையா? – மேலூர்

தேவை. சிலருக்குப் பாதத்துக்குப் போகும் டிபியல் குழாய்கள் வளராமல், ஃபிபுலாவோடு எடுக்கும் குழாயான பெரோனியலே பெருத்துப் பாதம் முழுவதையும் காக்கும். அதுவே கணுக்காலருகே பாதக் குழாய்களோடு சேர்வதால் துடிப்பு நன்றாகவே கிடைக்கும். அந்தப் பெரோனியலை எடுத்தால் பாதம் போய்விடும். இரண்டு காலையும் சேர்த்தே படம் எடுங்கள், மறு காலிலும் அதே அமைப்பு இருக்கலாம். இரண்டிலும் அப்படியென்றால் ஃபிபுலாவை மறந்துவிட்டு ஸ்கேப்புலாவையோ (தோள்பட்டை எலும்பையோ) இடுப்பெலும்பு விளிம்பையோ யோசியுங்கள்.