எங்கள் ஊர் வாழப்பாடி. பக்கத்துக் காட்டு போர்வெல்லில் தண்ணீர் வருகிறது, அறுபது அடி தள்ளிப் போட்ட எங்கள் போரில் வெறும் புகை, அதாவது காய்ந்த கல்பொடி. பாறைக்கு அடியில் ஏரி மாதிரி தண்ணீர் நிற்கும் என்பது பொய்யா?

எங்கள் பக்கத்துக் கல்லில் பொய்தான்.

வாழப்பாடி என்று போட்டிருக்கிறீர்கள், மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக் காட்டைச் சுற்றியிருப்பார். அது எழுந்து நின்ற இடத்தில் "அடியில ஆறே ஓடுதுங்க" என்றிருப்பார். மறுநாளே போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்திருக்கும்.

எங்கள் அக்கா வீட்டிலும் இதே கதை. ஜியாலஜியில் எம்.எஸ்சி. முடித்து, காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறுகளில் கல் பார்த்துவிட்டு வந்தவன் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். மாமா தேங்காய்க்காரருக்குத்தான் நாற்காலி போட்டார். போகட்டும்.

போர் இறங்க இறங்க, முதல் ஐம்பது அறுபது அடி செம்மண்ணும் மக்கிய பாறையும். விரலில் ஒட்டுகிற மண். "பாரு மாப்ளே, ஈரம்!" என்று மாமா ஓர் உருண்டையை என் கையில் திணித்தார். ஈரம்தான். களிமண்ணில் கிட்டத்தட்ட பாதி இடைவெளி. அத்தனையும் நீரால் நிறைந்திருந்தாலும் கிணற்றுக்கு விடுவது நூற்றில் சில பங்குதான். எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் துணியில் ஈரம் மிஞ்சுகிறதல்லவா, அப்படி. துளை சிறுக்கச் சிறுக்க நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆற்று மணலில் இடைவெளி இதைவிடக் குறைவு, விடுவதோ பல மடங்கு. 1856இல் பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீர்த் திட்டத்தைச் செய்த பொறியாளர் டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டு அளந்து எழுதியது இந்த ஓட்டத்தின் கணக்கைத்தான்.

மண் சரியாமலிருக்க இறக்கும் கேசிங் குழாய்க்குக் கீழே சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையும் இதே கல்தான். பழுதில்லாத சார்னோகைட்டில் இடைவெளி நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. வெடிப்பு இருந்தால்தான் நீர். அந்த வெடிப்பும் மேலே மக்கிய பாறையோடு சேர்ந்திருந்தால்தான் தொடர்ந்து வரும். நானூறு அடி தாண்டியதும் புகை அடங்கி, பொடி ஈரக் கட்டிகளாக விழுந்தது. மாமா கற்பூரம் தேடினார். துளையிடும் அடுத்த ராடு (இரும்புக் கம்பி) மாட்டியதும் மறுபடி புகை. தனித்துக் கிடந்த கீறல் அது. நிறுத்தச் சொன்னேன். ஆழம் போகப் போக மேல்பாறையின் பாரத்தில் வெடிப்பு இறுகும், அடி ரேட்டு மட்டும் ஏறும். யார் கேட்டார்கள்? தொள்ளாயிரம் வரை புகைதான்.

உங்கள் பக்கத்துக்காரர் தொட்ட வெடிப்பு சாய்ந்து போயிருக்கும். அது உங்கள் போருக்குள்ளும் வர வேண்டும் என்று சட்டமில்லை.

"எங்க தாத்தா குச்சி வெச்ச எடத்துல தண்ணி வந்துச்சே" என்று ஒருவர் இப்போது கீழே கமெண்டில் வருவார். வந்திருக்கும். மக்கிய பாறை தடிமனாக உள்ள பள்ளத்தில் எங்கே போட்டாலும் ஓரளவு வரும். கருவி வைத்துச் சர்வே எடுத்தாலும் உத்தரவாதம் கிடையாது, அதையும் நான் மறுக்கவில்லை.

எண்ணெயும் ஏரியாக நிற்பதில்லை. மணற்கல்லின் துளைகள் வழியே, நீரைவிட லேசு என்பதால் மேலேறி, நெருக்கமான களிப்பாறை மூடிய இடத்தில் மாட்டிக்கொள்ளும். நீர் செலுத்தித் தள்ளினாலும் குறுகலான இடங்களில் எண்ணெய் இழை அறுந்து சொட்டுகளாகச் சிக்கும். பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடுகிறது. கெட்டிக் கல்லில் எண்ணெயா என்று சிரிப்பவர்கள் வியட்நாமின் பாக் ஹோ எண்ணெய் வயலைப் பார்க்கட்டும், வெடித்த கிரானைட்டில் எடுக்கிறார்கள்.

ஏற்காட்டில் மழைநீரைக் குடித்த மண், கெட்டிப் பாறையைத் தொடும் இடத்தில் ஊற்றாகக் கசியும். பார்க்க ஆசைதான், ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் நின்றால் எப்படிப் போவது?

உங்கள் போரை இன்னும் ஆழப்படுத்த வேண்டாம். எந்த அடியில் பொடி ஈரமானது என்று ரிக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். அந்த இடத்தில் நீரை அழுத்தத்தோடு செலுத்தி வெடிப்பைத் திறந்து பார்க்கலாமா என்று பிறகு சொல்கிறேன்.