ஏலம் போன ரோம்

கேள்வி: ரோமாபுரி சிம்மாசனத்தையே ஒருமுறை ஏலம் விட்டார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான், கி.பி. 193-ல். அந்த ஒரே வருஷத்தில் ஐந்து பேர் ‘நானே சக்கரவர்த்தி’ என்று கிளம்பினார்கள். மார்ச் 28 அன்று, அப்போது சக்கரவர்த்தியாக இருந்த பெர்டினாக்ஸை அவருடைய மெய்க்காவல் படையினரே வெட்டிக் கொன்றார்கள்; அவர்களிடம் கொஞ்சம் ஒழுங்கைக் கொண்டுவரப் பார்த்தார், அதுதான் குற்றம். அப்புறம் நடந்தது சந்தைக்கடை. படையினரைச் சமாதானப்படுத்த பாளையத்துக்குப் போயிருந்த பெர்டினாக்ஸின் மாமனார் சல்பிசியானஸ் உள்ளே இருந்து விலை கேட்கிறார், பெரும் பணக்காரரான டிடியஸ் ஜூலியானஸ் வெளியே மதிலடியில் நின்று கேட்கிறார். மருமகன் செத்து ஒரு நாள்கூட ஆகவில்லை, பாருங்கள்! மாமனார் படைவீரர் ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) வரை வந்ததும், ஜூலியானஸ் ஒரே தாவலில் 5,000 ஏற்றி, கத்தியது போதாதென்று விரலையும் விரித்துக் காட்டினார் என்று அக்காலத்து செனட்டர் காசியஸ் டியோ எழுதிவைத்திருக்கிறார்.

வாங்கிய பதவி 66 நாள்தான் தாங்கியது. டான்யூப் எல்லைப் படைகளோடு, அந்த ஐவரில் இன்னொருவரான செப்டிமியஸ் செவரஸ் ரோமை நெருங்கியதும் செனட்டே ஜூலியானஸுக்கு மரண தண்டனை விதித்துவிட்டது. ஏலம் விட்ட மெய்க்காவலர்களையும் செவரஸ் விடவில்லை. ஆயுதமில்லாமல் வரச்சொல்லி, சுற்றி வளைத்து, வேலையைப் பிடுங்கி, ரோமுக்கு 100 மைலுக்குள் தலைகாட்டக் கூடாது என்று துரத்திவிட்டார்.