காரில் ஒரே நாளில் செர்மாட்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

சுவிட்சர்லாந்தில் பெர்ன் பக்கத்தில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் "அந்த முக்கோண மலையைக் காட்டு" என்பார்கள், செர்மாட் ஊருக்கு மேலே நிற்கிற மேட்டர்ஹார்னைத்தான் சொல்கிறார்கள். காரில் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். எத்தனை முறை போனேன் என்ற கணக்கு விட்டுப்போய்விட்டது. கேட்டிருந்தவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

ஜூன் கடைசியில் சூரிக் வருகிறோம், ஐந்து பேர். வாடகைக் கார் எடுத்து நேரே செர்மாட் ஓட்டலாமா?

முடியாது. செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதி கிடையாது. ஐந்து கிலோமீட்டர் முன்னாலேயே டேஷ் என்ற கிராமத்தில் காரை விட்டுவிட வேண்டும், அதற்கு மேல் போகிற சாலை அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்குத்தான். டேஷ் ரயில் நிலையத்தோடு ஒட்டி இரண்டாயிரம் கார்களுக்கு மேல் நிற்கிற பெரிய பார்க்கிங் இருக்கிறது. கீழே இறங்கினால் ரயில், சுமார் 20 நிமிடத்துக்கு ஒன்று, 12 நிமிடத்தில் செர்மாட். பார்க்கிங் சீட்டை மட்டும் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள், காரில் விட்டுவிட்டு சாயங்காலம் இயந்திரத்தின் முன் நின்று நான் முழித்த முழி எனக்குத்தான் தெரியும்.

டிரைவரோடு தனிக் கார் பேசியிருக்கிறோம். அவர் ஹோட்டல் வாசல் வரை விடுவாரா?

அவருக்கும் டேஷ்தான் எல்லை. அங்கிருந்து அனுமதி பெற்ற டாக்சிகள் உண்டு, ஆனால் அவையும் செர்மாட் ஊர் விளிம்போடு நின்றுவிடும். உள்ளே ஓடுவதெல்லாம் சின்னப் பெட்டி மாதிரியான மின்சார வண்டிகளும் சில குதிரை வண்டிகளும்தான். ஒரு எச்சரிக்கை: கார் இல்லாத ஊர் என்று பிள்ளைகளைத் தெருவில் ஓட விடாதீர்கள், அந்த மின்சார வண்டி சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

சூரிக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது சாத்தியமா? நிஜத்தைச் சொல்லுங்கள்.

சாத்தியம்தான், நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வழிக்கே மூன்றரை மணி நேரம் பக்கம் ஆகும், ஏழு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு மலையை எப்போது பார்ப்பது? முந்தின இரவு பெர்னிலோ தூன் ஏரிப் பக்கமோ தங்கிவிடுங்கள். அங்கிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். ஜெனீவாவிலிருந்து வருகிறவர்களுக்கு வழி நேர்: லொசான், மார்ட்டினி, சியோன் என்று ரோன் பள்ளத்தாக்கிலேயே ஓட்டி விஸ்ப்பில் தெற்கே திரும்ப வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. நீங்கள் இரண்டே பேர் என்றால் கார் வேண்டாம். பெர்னிலிருந்து ரயில், விஸ்ப்பில் ஒரே மாற்றம், இரண்டேகால் மணி நேரத்துக்குள் செர்மாட். 2007இல் திறந்த 34.6 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் மலையின் அடிவாரத்திலேயே வந்த பிறகு ரயிலை நேரத்தில் ஜெயிக்க காரால் முடியவில்லை. பாட்டி, கைக்குழந்தை, சாப்பாட்டுக் கூடை என்று நாலைந்து பேராகப் போகும்போதுதான் காருக்கு அர்த்தம்.

காரை ரயிலில் ஏற்ற வேண்டும் என்கிறார்களே, அது எப்படி? கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமே இல்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மேட்டர்ஹார்னைவிட இதுதான் பிடிக்கும். பெர்னிலிருந்து தெற்கே போகும்போது காண்டர்ஷ்டெக் என்ற கிராமத்தோடு சாலை முடிந்துவிடும், எதிரே மலைச் சுவர். அங்கே காசு கட்டிவிட்டு (30 பிராங்க் பக்கம்) நீளமான திறந்த ரயில் பெட்டிகளின் மேலேயே வரிசையாக ஓட்டிப்போய் நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருங்கள். சுரங்கத்துக்குள் கால் மணி நேரம், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், சத்தம் காதைப் பிளக்கும். வெளியே வந்தால் கோப்பன்ஷ்டைன், வேறு மாநிலம், பல நாள் வானிலையே வேறாக இருக்கும். 1913இல் திறந்த சுரங்கம் அது. வழக்கமாக அரை மணிக்கு ஒரு ரயில். சனிக்கிழமை காலையும் ஞாயிறு சாயங்காலமும் கார் வரிசை ரொம்ப நீளும், முடிந்தால் வார நாளில் போங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பெர்னிலிருந்து என்றால் ஆறு மணிக்கு. சிரிக்காதீர்கள். முதல் முறை மாமனார், மாமியாரை அழைத்துப் போனபோது, இட்லி சாப்பிட்டு, காபி குடித்து, ஒன்பதரைக்குக் கிளம்பி, செர்மாட்டில் இறங்கும்போது மணி ஒன்று. மலையின் தலையில் மேகம் உட்கார்ந்துவிட்டது, சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. "இதை சாக்லேட் டப்பாவிலேயே பார்த்திருப்பேனே" என்றார் மாமியார். (இப்போது அதுவும் நடக்காது. டோப்ளரோன் சாக்லேட் தயாரிப்பின் ஒரு பகுதி ஸ்லோவாக்கியாவுக்குப் போவதால் 2023இல் மேட்டர்ஹார்ன் படத்தையே அட்டையிலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது.) கோடையில் வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே எழும்பி மலை உச்சியில் மேகமாகத் திரளும். பத்து மணிக்குத் தெளிவாக நிற்கிற மலை ஒரு மணிக்கு இல்லாமல் போவது அதனால்தான். காலையில் கிளம்பும் முன், செர்மாட்டுக்கு மேலே மலை ரயில் போய் நிற்கிற கோர்னர்கிராட் முகட்டின் வெப்கேமராவைப் பாருங்கள். அதில் வெள்ளையாகத்தான் தெரிகிறது என்றால் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள். மலை ரயிலுக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிட்டு மூடுபனியைப் பார்க்கப் போகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

மேலே எதில் ஏறுவது? மூன்று பெயர் சொல்கிறார்கள், எல்லாமே விலை.

விலைதான். ஒன்று போதும், ஒரே நாளில் இரண்டு வேண்டாம். என் ஓட்டு கோர்னர்கிராட்டுக்கு. 1898இலிருந்து மின்சாரத்தில் ஓடுகிற பற்சக்கர ரயில், 33 நிமிடத்தில் 3,089 மீட்டர். ஏறும்போது வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மேட்டர்ஹார்ன் அந்தப் பக்கம்தான். இறங்கும்போது ரோட்டன்போடனில் இறங்கி சில நிமிடம் கீழே நடந்தால் ரிஃபல்ஸே என்ற சின்ன ஏரி. காற்று இல்லாத காலையில் 4,478 மீட்டர் மலையும் தலைகீழாக அதில் கிடக்கும். ஜூனிலும் பனி இருக்கலாம், செருப்பில் போகாதீர்கள்.

கேபிள் காரில் போகிற கிளைன் மேட்டர்ஹார்ன் 3,883 மீட்டர். பனி வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகள் இருந்தால் அது. ஆனால் அங்கிருந்து மலையின் அந்தப் பிரபலமான வடிவம் தெரியாது, பலருக்கு இது முன்னால் தெரிவதில்லை.

அம்மாவுக்கு 72 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கூட்டிப் போகலாமா தம்பி?

அக்கா, டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், அதை நான் முடிவு செய்ய முடியாது. நானாக இருந்தால் சுன்னெகாவுக்குக் கூட்டிப்போவேன். மலைக்குள்ளேயே ஓடுகிற இழுவை ரயில், சில நிமிடம்தான், உயரம் 2,288 மீட்டர். மேலே ஏறியதும் மேட்டர்ஹார்ன் நேர் எதிரே நிற்கும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம், நடக்கிறவர்கள் கீழே லைஸே ஏரி வரை போய் வரலாம். மூன்றில் செலவு குறைவும் இதுதான்.

சைவம். பட்டினியா?

தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ரயிலிலும் மலையிலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. செர்மாட் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கூப் கடை இருக்கிறது. ரொட்டி, பழம், தயிர் எல்லாம் ஹோட்டல் விலையில் கால்வாசிகூட வராது. ஹோட்டலில் சாப்பிட்டால் ரோஷ்டி, அதாவது உருளைக்கிழங்கைத் துருவி வார்த்த தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள், பன்றி இறைச்சி இல்லாமல் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுகிற ஃபோண்ட்யூவில் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள், பாரம்பரியச் சீஸ்கள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கிற பொருள் சேரும். கறாரான சைவக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அபராதம் பற்றி ரொம்பப் பயமுறுத்துகிறார்களே?

பயப்படத்தான் வேண்டும். வேக வரம்பு மணிக்கு ஊருக்குள் 50 கிலோமீட்டர், வெளிச்சாலையில் 80, மோட்டார்வேயில் 120. ஊருக்குள் ஆறிலிருந்து பத்து கிலோமீட்டர் கூடினாலே 120 பிராங்க். கேமரா பிடித்தால் வாடகைக் கார்க்காரர் வழியாக சீட்டு சென்னைக்கே வரும், அவர்களுடைய சேவைக் கட்டணத்தோடு. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். 12 வயதுக்குள், 150 செ.மீ.க்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு குழந்தை இருக்கை கட்டாயம். மோட்டார்வேயில் ஓட்டுவதற்குக் கட்டணமாக வாங்குகிற ஸ்டிக்கர் 40 பிராங்க். சுவிஸ்ஸில் எடுத்த காரில் ஏற்கெனவே இருக்கும், மிலானிலோ மியூனிக்கிலோ எடுத்தால் நீங்கள்தான் வாங்க வேண்டும்.

ஜனவரியில் போகலாமா?

பனி டயர் இருந்தால் போகலாம், மலை கோடையைவிடத் தெளிவாகக்கூடத் தெரியும். ஆனால் மறுநாள் விமானம் இருந்தால் வேண்டாம். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தில் சாலையும் ரயிலும் மூடி, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. கோடையும் முழு உத்தரவாதமில்லை, 2024 ஜூனில் வெள்ளத்தில் ரயில் பாதை துண்டிக்கப்பட்டது.

போய்ச் சேர்ந்த பிறகு மேகம் மூடிவிட்டால் என்ன செய்வது?

மலை ரயில் காசை மிச்சம் பிடித்து, தேவாலயத்துக்குப் பக்கத்தில் தரைக்கடியில் இருக்கிற மியூசியத்துக்குப் போங்கள். 1865 ஜூலை 14 அன்று ஏழு பேர் முதல் முறையாக மேட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நான்கு பேர் விழுந்தார்கள். அந்த அறுந்த கயிறு அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது, நம் வீட்டுக் கொடிக்கயிறு கனம்கூட இருக்காது போலத் தோன்றும். பிறகு ஆற்றுப் பாலத்தில் போய் நில்லுங்கள், மேகம் ஐந்து நிமிடம் விலகினால் அங்கிருந்தே மலை தெரியும். நாலரைக்கெல்லாம் டேஷுக்குத் திரும்பிவிடுங்கள், கோப்பன்ஷ்டைன் வரிசை அதற்குப் பிறகுதான் நீளத் தொடங்கும்.