உப்புத் தண்ணீருக்குள் விழுந்த லைற்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் மூன்றடி நீளக் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் கானில் அள்ளிக்கொண்டு வந்த தண்ணீர்தான். போன கிழமை கண்ணாடி துடைக்கும்போது மேலே வைத்திருந்த எல்ஈடி லைற் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டது. பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் எடுத்தேன், இரண்டு மூன்று நிமிடம் தண்ணீருக்குள் கிடந்திருக்கும். துடைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். அடுத்த நாள் போட்டுப் பார்த்தால் எரிந்தது. சரி தப்பிவிட்டது என்று நினைத்தேன். நாலாம் நாள் ஒரு பக்கம் முழுக்க அணைந்துவிட்டது, மற்றப் பக்கமும் மங்கலாக எரிகிறது. கொழும்பிலிருந்து ஆள்விட்டு எடுப்பித்த லைற். இனிக் காப்பாற்ற வழி உண்டா?
(புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: பிளக்கைக் கழற்றிவிட்டுக் கை வைத்தீர்களே, அதுதான் நீங்கள் செய்தவற்றில் பெரிய காரியம். லைற் விழுந்த சத்தம் கேட்டவுடன் பதறிக் கையைத் தொட்டிக்குள் விடுகிற ஆட்கள்தான் அதிகம். அந்தத் தண்ணீரில் 230 வோல்ற் இருக்கலாம். பிளக்கோ அது இருக்கிற இடமோ ஈரமாக இருந்தால் அதையும் தொடாமல் மெயின் சுவிச்சைத்தான் முதலில் விழுத்தவேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள். கரண்ட் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே தானாக விழுகிற ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்கவே வேண்டாம் என்பது என் முடிவு.

இப்போது லைற்றுக்கு வருவோம். நாலு நாள் கழிந்துவிட்டதால் முழுதாகத் திரும்பும் என்று சொல்லமாட்டேன், ஆனால் நீங்கள் சொல்கிற அறிகுறியைப் பார்த்தால் இன்னும் இடம் இருக்கிறது. இந்த லைற்றுகளுக்குள் சின்னப் பல்புகள் வரிசை வரிசையாக, ஒன்றின் வாலை மற்றது பிடித்ததுபோலத் தொடுத்திருக்கும். ஒரு வரிசையில் ஈயத்தால் ஒட்டிய ஒரே ஒரு பற்று விட்டுப்போனாலும் அந்த வரிசை முழுக்க அணைந்துவிடும். ஒரு பக்கம் அணைந்தது என்றால் அத்தனை பல்பும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஒரு புள்ளியில் செம்பு அரித்திருக்கலாம். மற்றப் பக்கம் மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பல்புகள் ஒட்டியிருக்கிற பலகையில் படிந்த உப்பு வழியாகக் கரண்ட் களவாகப் போவதுதான்.

வெயிலில் காயவைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், ஆனால் லைற்றைக் கொன்றது அதுதான். கடல்தண்ணீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நீங்கள் அள்ளிவருகிற 20 லீற்றர் கானில் 700 கிராம். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை அப்படியே உள்ளே விட்டுவிடும், ஆனையிறவு உப்பளத்தில் நடப்பதும் அதுதான். அந்த உப்பு பிறகு சும்மா இருக்காது. மாரியில் குசினி உப்புப்போத்தல் கசிகிறதே, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீர் இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது, அதற்கு 33 சதவீத ஈரப்பதனே போதும். அதாவது உங்கள் கண்ணுக்குக் காய்ந்த லைற் உள்ளுக்குள் காயவே இல்லை. அந்த ஈரத்தின் மேல் 12 அல்லது 24 வோல்ற் நேர்மின்னோட்டம் ஓடும்போது நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே போகும். எரிந்த ஒவ்வொரு மணித்தியாலமும் அரித்த மணித்தியாலம்.

ஆகவே இப்போது செய்யவேண்டியது, கேட்க ஒருமாதிரி இருக்கும், அதைத் திரும்பவும் தண்ணீரில் போடுவதுதான். நல்ல தண்ணீரில். லைற்றைக் கெடுத்தது உப்பு, தண்ணீர் இல்லை. விழுந்த அன்றே, ஈரம் காயமுதல் இதைச் செய்திருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும்.

முதலில் பவர் சப்ளைப் பெட்டியைப் பிரித்து வையுங்கள். அதுவும் தொட்டிக்குள் விழுந்திருந்தால் திறக்கவேண்டாம், கழுவவும் வேண்டாம். 230 வோல்ற் உள்ளே போய் 325 வோல்ற் அளவுக்கு மின்தேக்கியில் சேர்ந்து நிற்கும், பிளக்கைக் கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் அடிக்கும். அதே வோல்ற், அதே அம்பியர் எழுதிய புதியது வாங்குங்கள். அதில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

பிறகு லைற்றின் மூடியைத் திறக்கலாம். சின்ன ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் ஒரு துளி எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். போன மாரியில் ஒருவர் கொண்டுவந்த லைற்றைத் திறந்தபோது நான் கண்டதைச் சொல்கிறேன். பலகையின் ஓரம் முழுக்க வெள்ளைப் பூ, உப்பளத்துப் பாத்தி ஓரம் மாதிரி. வயர் வந்து ஏறுகிற இடத்தில், ஈயப் பற்றின் அடியில், கடுகளவு பச்சைக் கட்டி. நகத்தால் தட்டினேன், கட்டியோடு வயரும் கழன்று கையில் வந்துவிட்டது. அந்த வயரின் தோலைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் கரிபோலக் கறுத்திருந்தன. விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல அந்த இழைகள் தோலுக்குள்ளேயே உப்புத் தண்ணீரை மேலே இழுத்திருந்தன. மூன்று விரல் நீளம் வெட்டி எறிந்த பிறகுதான் செம்பு மினுங்கியது, அதற்குப் பிறகுதான் ஈயமே ஒட்டியது. கறுத்த செம்பில் எவ்வளவு சூடு காட்டினாலும் ஈயம் உருண்டு விழுந்துவிடும். ஆகவே வெட்டக் கஞ்சப்படாதீர்கள்.

கழுவும்போது வாளித் தண்ணீரை மூன்று நாலு தரம் மாற்றுங்கள், பழைய மெல்லிய பல்லுப் பிறஷ்ஷால் பற்றுகளின் மேல் மெதுவாகத் தேயுங்கள். பச்சை பிடித்த இடத்தில் மட்டும் பஞ்சில் வினாகிரி அல்லது தேசிக்காய்ப்புளி தொட்டு வையுங்கள், பச்சை கரைந்துவிடும். ஆனால் புளியும் அமிலம்தான், உடனே கழுவிவிடவேண்டும். கடைசிக் கழுவல் கிணற்றுத் தண்ணீரில் வேண்டாம். வன்னியில் பல இடங்களில் தண்ணீர் கடினம், கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படலத்தைப் பார்த்தாலே தெரியும், அது பலகையிலும் படியும். பெற்றோல் செட்டில் விற்கிற, உப்பு நீக்கிய பற்றரித் தண்ணீரை வாங்கி அதில் இரண்டு தரம் அலசுங்கள். கேட்டு வாங்கும்போது கவனம், பற்றரி அசிட் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும். மாரி காலமென்றால் வெட்டவெளியில் சட்டி வைத்து நேராகப் பிடித்த மழைத்தண்ணீரும் நல்லதுதான்.

அதற்குப் பிறகு பாமசியில் வாங்குகிற ஸ்பிரிட்டைப் பலகையில் ஊற்றி வடியவிட்டால் இடுக்குத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு போகும். மேல் மூடி அக்கிரிலிக் என்றால் அதில் ஸ்பிரிட் படவே கூடாது, நரம்பு நரம்பாக வெடித்துவிடும். ஸ்பிரிட் மணம் முழுக்கப் போகுமுன் கரண்ட் கொடுக்கவும் கூடாது, பற்றிக்கொள்ளும்.

நிழலில் விசிறிக்கு முன்னால் மூன்று நாள் வையுங்கள். நாலாம் நாள் மல்ரிமீற்றரை வைத்து லைற்றின் உலோக உடம்புக்கும் இரண்டு வயருக்கும் இடையே தொடர்பு காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் அந்த லைற் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது. காட்டாவிட்டால் பற்றுகளைச் சரிசெய்து, காய்ந்த மரமேசையில், ட்ரிப் சுவிச் உள்ள இடத்தில் இரண்டு நாள் எரியவிட்டுப் பாருங்கள். மங்காமல் நின்றால் புது சிலிக்கன் இட்டு மூடலாம்.

ஒன்று மறந்துவிட்டேன், தொட்டி. மூன்று நிமிடத்தில் பெரிதாகச் செம்பு கரைந்திராது, ஆனால் கரண்டோடு கிடந்திருப்பதால் கால்வாசித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் செம்பு மருந்துதான் கொடுப்பார்கள், அளவோடு கொடுத்தால் மீன் தாங்கும். இறால், நண்டு, கடல்சாமந்தி, பவளம் தாங்காது. அவை இருக்கிற தொட்டியென்றால் அரைவாசி மாற்றுங்கள், செயற்படுத்திய கரிப் பையையும் தொட்டியின் வடிகட்டியில் போடுங்கள். இனி லைற்றை வைக்கும்போது இரண்டு முனையிலும் தங்கூசியால் மேல்சட்டத்தோடு கட்டிவிடுங்கள், வழுக்கினாலும் தண்ணீருக்கு மேலே தொங்கும். வயர் பிளக்குக்குப் போகிற வழியில் ஒருதரம் கீழே இறங்கி வளைந்து மேலே ஏறவேண்டும், அப்போதுதான் வயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் நிலத்தில் சொட்டும்.

கேள்வி: அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்கிறார்களே?
(கிளிநொச்சி வாசகி)

பதில்: தங்கச்சி, அரிசி கொஞ்சம் ஈரத்தை எடுக்கும், அதுவும் விசிறிக் காற்று எடுக்கிற அளவுக்கு வராது. உப்பில் ஒரு கிராமைக்கூட எடுக்காது. அரிசித் தவிடு இடுக்குகளில் போய் ஒட்டுவதுதான் மிச்சம். அரிசியைச் சோறாக்குங்கள்.

கேள்வி: என் லைற் பெட்டியில் ஐபி67 என்று போட்டிருக்கிறது. ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்குமாம். தொட்டிக்குள் விழுந்து ஒரே நாளில் செத்துவிட்டது. ஏமாற்றா?
(வவுனியா வாசகர்)

பதில்: ஏமாற்று என்று உடனே சொல்லமுடியாது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புது லைற்றை வைத்துச் செய்வது. கடல்தொட்டிக்கு மேல் மாதக்கணக்கில் உப்புத் தெறித்த லைற்றில் றப்பர் வளையத்தின் ஓரம் உப்பு ஏறி அது இருக்கை விட்டு எழும்பியிருக்கும். ஈரத்துணியால் கிழமைக்கு ஒருதரம் துடைத்துக்கொண்டு வந்தால் அந்த வளையம் நெடுநாள் நிற்கும். இந்த லைற்றுக்கும் மேலே சொன்ன கழுவலைச் செய்து பாருங்கள், விழுந்து ஒரே நாள்தான் என்றால் உங்களுக்குப் புதுக்குடியிருப்பு வாசகரைவிட வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நந்திக்கடலில் இறால் பிடிக்கப் போனபோது தலையில் கட்டுகிற லைற் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. சார்ஜ் பண்ணுகிற வகை. எடுத்துக் காயவைத்திருக்கிறேன், சார்ஜில் போடலாமா?
(முல்லைத்தீவு வாசகர்)

பதில்: போடவேண்டாம் அண்ணை, தயவுசெய்து போடவேண்டாம். அதற்குள் இருப்பது லித்தியம் பற்றரி. உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் அது தனக்குள்ளேயே ஷோட் ஆகிக்கொண்டிருக்கலாம், இரண்டு நாள் கழித்தும் சூடேறித் தீப்பிடிக்கலாம், சார்ஜில் போட்டால் இன்னும் மோசம். கழற்றக்கூடிய பற்றரியென்றால் கழற்றி, வீட்டுக்கு வெளியே, ஓலையோ கூரையோ விறகோ பக்கத்தில் இல்லாத வெறும் மணலில் வையுங்கள். வீங்கியிருந்தாலோ சூடாக இருந்தாலோ கையால் தொடாதீர்கள், கிட்டவும் போகாதீர்கள். லைற்றின் மற்றப் பகுதியை மேலே சொன்னபடி கழுவிப் புதுப் பற்றரி போடலாம். கழற்றமுடியாத வகையென்றால் முழு லைற்றையும் அந்த மணலிலேயே வைத்துவிட்டு வேறொன்று வாங்குங்கள். இரவில் படுக்கிற அறைக்குள் மட்டும் அதைக் கொண்டுபோகவேண்டாம்.